மணலில் எழுதிய ஆங்கிலம்

கோவளத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் இடைப்பட்ட மீனவர் குடியிருப்பு ஒன்றில், ஆலயத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், சில ஆண்டுகளாக மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். குருமடத்தில் இறையியலை ஆங்கிலத்தில் பயின்றவன் என்பதன்றி இப்பணிக்கு எனக்கு வேறு தகுதி இல்லை. அது போதாது என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது.

இடறிய இடம் இரண்டு எழுத்துகள். ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் எங்கள் பிள்ளைகளின் செவிக்கு ஒன்றாகவே ஒலித்தன. (அவற்றின் பெயர்களை இவ்விதழில் அச்சிட்டால் இரண்டும் 'பீ' என்றே நிற்கும், பிள்ளைகளைக் குறை கூறுவானேன்?) தொண்டையில் விரல் வைத்து அதிர்வை உணருங்கள் என்று மூன்று வாரம் விளக்கினேன். பிள்ளைகள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்ததுதான் கண்ட பலன்.

ஒருநாள் பங்குப் பேரவைக் கூட்டம் நீண்டுவிட்டதால் வகுப்புக்குத் தாமதமாக வந்தேன். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, சிறுவர்களை வட்டமாக அமர்த்தி, பழைய நாட்காட்டித் தாளைக் கிழித்து, ஆளுக்கொரு துண்டை உதட்டருகே பிடிக்கச் செய்திருந்தாள். "பேப்பர் பறந்தா பென் எழுத்து; பறக்காட்டி பஸ் எழுத்து" என்பதே அவளுடைய ஒலியியல். அரை மணி நேரத்தில் தாழ்வாரம் முழுவதும் தாள்கள் பறந்தன. மூன்று வாரப் பாடம் முடிந்தது.

அன்றிரவு என் நினைவுக்கு வந்தவர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்தில் 1753இல் பிறந்து, ஆங்கிலத் திருச்சபையில் குருவாகி, 1787இல் சென்னைக்கு வந்தவர். 1789இல் எழும்பூரில் தொடங்கிய ஆண் அநாதைகள் இல்லத்தின் பொறுப்பை ஊதியமின்றி ஏற்றார். கும்பினிப் படைவீரர்களுக்குப் பிறந்த சிறுவர்களே அங்கிருந்தோர்; பலருடைய தாய்மார் இந்நாட்டுப் பெண்கள். ஆசிரியர்களோ எழுத்தறிவிக்கும் கலையில் தேர்ந்தவர்கள் அல்லர்.

ஒரு காலை குதிரையில் சென்றபோது 'மலபார்' பள்ளி ஒன்றைக் கண்டார் பெல். அக்கால ஆங்கிலேயர் தமிழரையும் தமிழையும் அப்பெயராலேயே குறித்தனர். எனவே கேரளத்தை நினைக்க வேண்டியதில்லை. அங்கே பிள்ளைகள் தரையில் அமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். இல்லத்திற்குத் திரும்பிய பெல், ஆங்கில அரிச்சுவடியையும் அவ்வாறே கற்பிக்கச் சொன்னார். கீழ்வகுப்பு ஆசிரியர் இணங்கவில்லை. அவரோடு வாதிட்டுக் களைத்த பெல், எட்டு வயதுச் சிறுவனாகிய ஜான் பிரிஸ்கன் என்பவனிடம் அவ்வகுப்பை ஒப்படைத்தார். பெரியவருக்குக் கைவராதது சிறுவனுக்குக் கைவந்தது. பின்னர் ஒவ்வொரு வகுப்பும் மாணவர் கையில் வந்தது. குற்றங்கள் ஒரு கறுப்பு ஏட்டில் பதியப்பட்டன. அவற்றை விசாரித்துத் தீர்ப்புச் சொன்னவர்களும் மாணவர்களே.

1797இல் இலண்டனில் இதனை நூலாக வெளியிட்டார் பெல். மணலை இம்மண்ணிலிருந்து பெற்றதை அவர் மறைக்கவில்லை. ஆனால் மாணவனைக் கொண்டு மாணவனுக்குக் கற்பிப்பதைத் தம் சொந்தக் கண்டுபிடிப்பாகவே கொண்டார். இங்குதான் எனக்கு அவரோடு வழக்கு. சட்டாம்பிள்ளை என்ற சொல் நம் திண்ணைப் பள்ளிகளில் வழங்கிய சொல்லன்றோ? பெல்லுக்கு நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1623இல், உரோமையரான பியத்ரோ தெல்லா வால்லே கன்னட நாட்டு இக்கேரியில் ஒரு கோவில் முகப்பில் நான்கு சிறுவரைக் கண்டார். அவர்கள் கணக்குப் பாடத்தை இசையோடு சொல்லி மணலில் எழுதிக்கொண்டிருந்தனர். ஆசிரியர் இல்லையே, மறந்தால் திருத்துபவர் யார் என்று வினவினார். நால்வரும் ஒரே இடத்தில் மறக்கமாட்டோம் என்று விடை வந்ததாம்! கும்பினியின் இயக்குநர் குழுவே 1814ஆம் ஆண்டு மடலில், இந்திய ஆசிரியர்களின் பழைய முறையே பெல்லின் வழியாக இங்கிலாந்தில் ஏற்கப்பட்டது என்று ஒப்புக்கொண்டது.

திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்கும் எண்ணம் எனக்கில்லை. பிரம்படிக்கு அங்கே பஞ்சமில்லை. திண்ணையில் ஏற இயலாத பிள்ளைகள் தெருவிலும் சேரியிலும் இருந்தனர். ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டுப் பெற்ற கணக்கில், செங்கற்பட்டு உள்ளிட்ட மாவட்டங்களைக் கொண்ட சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன, மாணவர் 1,88,650. அவர்களுள் பெண்பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. தாழ்வாரத்தில் தாள் கிழித்துப் பாடம் நடத்திய அந்தச் சிறுமியை எண்ணும்போது இக்கடைசி எண் என்னை விட்டு அகல்வதில்லை.

இங்கிலாந்தில் இம்முறை விரைவாகப் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் இதுபோன்ற முறையொன்றைத் தாமும் நடத்த, முதலில் கண்டவர் யார் என்ற பூசல் மூண்டது. 1811இல் தொடங்கிய தேசியச் சங்கம் பெல்லின் முறையைத் தன் பள்ளிகளில் புகுத்தியது. ஆனால், பரவிய விதம்தான் வருத்தத்திற்குரியது. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோருக்குக் கற்பிக்கலாம், செலவு குறைவு என்பதே பலரைக் கவர்ந்தது. வரிசையும் மணியோசையும் ஒப்பித்தலும் பெருகின. தோழன் தோழனுக்குச் சொல்லித்தருவது மறைந்து, கட்டளையை மேலிருந்து கீழே கடத்துபவனாகச் சட்டாம்பிள்ளை மாறினான். 1846இல் பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர் திட்டம் வந்தபின் பழைய முறை தேய்ந்தது. பெல் 1832இல் மறைந்து வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச்சென்ற செல்வத்தால் அவரது பிறந்த ஊராகிய செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளிக்கு மெட்ராஸ் காலேஜ் என்று பெயர். இன்றும் அப்பெயராலேயே இயங்குகிறது. நம் கடற்கரை மணல் அவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கிறது.

பெல்லின் துணிவை மட்டும் நான் மெச்சுகிறேன். தம் ஆசிரியர் தோற்ற இடத்தில் எட்டு வயதுச் சிறுவனை நிறுத்த அவருக்கு மனம் வந்தது. எனக்கோ, உண்மையைச் சொன்னால், அன்று வாசலில் நின்றபோது முதலில் எழுந்தது சற்றே சினம். என் இடத்தில் இவள் யார் என்ற சினம். அது அடங்கியபின்தான் உள்ளே சென்று நானும் ஒரு தாள் துண்டை வாங்கி உதட்டருகே பிடித்தேன். "பாதர், உங்களுக்கு ரெண்டுக்குமே பறக்குது" என்றாள் அவள். மீண்டும் சொல்லச் சொன்னாள், சொன்னேன்.