புறப்பட மறுக்கும் வண்டி

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதுவோர் அது ஓடிய கதையையே எழுதுகின்றனர். ஓடாது நின்ற கதையை எழுதுவார் இலர். ஆயினும் மெக்கானிக் என்னும் தொழிலும் அதற்குரிய அறிவும் வளர்ந்தவை நின்ற வண்டியைச் சுற்றியே. வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் உள்ள கணியம்பாடி என் ஊர். தோல் ஏற்றிய லாரிகளையும், நடுவழியில் நின்று தள்ளப்பட்ட கார்களையும் கண்டு வளர்ந்தவனாதலின், இப்பொருளில் எனக்குத் தனிப்பற்று உண்டு.

எங்கள் வட்டாரத்தில் கார் என்பது தொடக்கத்தில் செல்வர் ஊர்தியாக மட்டும் இருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலூரில் மருத்துவப் பணி புரிந்த டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார், சிறியதொரு பிரெஞ்சு பெஜோ காரில் மருந்துப் பெட்டியுடன் குடியாத்தம் சாலையில் செல்வார். ஆங்காங்கே மரத்தடியில் நோயாளிகள் கூடியிருப்பார்கள். அவர்கள் காத்திருந்தது மருத்துவருக்கு மட்டுமன்று, அந்த என்ஜினுக்கும்தான். காலையில் அது புறப்பட மறுத்தால் மரத்தடியில் இருப்பவனுக்கு அன்று மருந்து எட்டாது.

அக்கால வண்டியைப் புறப்படச் செய்வது தோள்வலிமை வேண்டும் வேலை. முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். மின்பொறி உரிய நேரத்திற்கு முந்தி எழுமானால் கைப்பிடி எதிர்த்திசையில் உதைக்கும். மணிக்கட்டு எலும்பு முறியும். ஆகவே பொறியைப் பின்தள்ளி வைத்த பிறகே சுற்ற வேண்டும். கட்டை விரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்காமல், மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். மணிக்கட்டில் நேரும் ஒருவகை முறிவை மருத்துவ நூல்கள் இன்றும் கார் ஓட்டுநரின் பெயராலேயே குறிக்கின்றன. 1911இல் சார்லஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கர் மின்சார ஸ்டார்ட்டரை உருவாக்கினார். 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் அது இடம்பெற்றது.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் அரிதாயிற்று. பஸ்களின் பின்புறம் கரி அடுப்புகள் ஏறின, டி.வி.எஸ். நிறுவனமே அத்தகைய கரிவாயுக் கருவிகளைச் செய்தது. கரியை மூட்டி, காற்றை ஊதி, வாயு நன்கு எரிகின்றதா என்று நெருப்பைக் காட்டிப் பார்த்த பின்னரே என்ஜினைச் சுழற்றுவார்கள். பயணிகளின் பொறுமையைச் சொல்லவும் வேண்டுமோ!

கைப்பிடியானாலும் கரியானாலும் என்ஜின் கேட்பவை மூன்றே: எரிபொருள், காற்று, தக்க நேரத்தில் ஒரு பொறி. நோய் காண்பது இவற்றுள் எது தவறியது என்று ஒவ்வொன்றாக விலக்கிக் காண்பதேயாகும். எங்கள் ஊர்ச் சாலையோரத்தில் மெக்கானிக் ஒருவர் இருந்தார். அம்பாசிடர் கார்கள் மலிந்திருந்த காலம் அது. அவர் உடனே பானெட்டைத் திறக்கமாட்டார். "தம்பி, வண்டி தானாக நின்றதா, நீ நிறுத்தினாயா?" என்று முதலில் கேட்பார். விளக்கை அணைத்தாற்போல் சட்டென நின்றிருந்தால் அவருக்கு ஐயம் மின்சாரத்தின்மேல். இருமி இருமி நின்றிருந்தால் பெட்ரோலின்மேல். இரவு நிறுத்திய வண்டி காலையில் முனகினால், முன்விளக்கை ஏற்றி ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்வார். விளக்கு மங்கினால் பாட்டரி வலுவிழந்திருக்கும், அல்லது அதன் முனையில் வெண்பூஞ்சை போல் உப்புப் படிந்திருக்கும்.

அதன் பிறகே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவார். அது உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தும் பொறி எழவில்லை, அல்லது சோக்கை அளவுக்கு மீறி இழுத்துவிட்டார்கள் என்று பொருள். வேலூர் வெயிலுக்கென்றே ஒரு நோயும் இருந்தது. சித்திரை நண்பகலில் சிறிது நேரம் நிறுத்திய வண்டியில், சூட்டினால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும். பம்பு வெற்று ஆவியை இறைத்துக்கொண்டிருக்கும். பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, அவர் மோர் குடிக்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது வண்டி புறப்படும். அறியாதவர் அதை மந்திரம் என்பர்.

அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றது. கார்ப்புரேட்டர் போய் எரிபொருளை அளந்து பீச்சும் கணினி வந்தது. பழுதைக் குறியீடாகப் பதிவுசெய்யும் ஏற்பாடு அமெரிக்கக் கார்களில் 1996 முதலும், நம் நாட்டுப் புதிய கார்களில் 2010 முதல் படிப்படியாகவும் கட்டாயமாயிற்று. இன்று சாவியைத் திருப்பியதும் பின்புறத் தொட்டிக்குள் பம்பு மெல்ல முரல்கின்றதா என்று செவிமடுக்கிறார்கள். சாவியில் பொதிந்த சில்லை வண்டி அடையாளம் காணாவிட்டாலும் அது புறப்படாது. பழைய மெக்கானிக்கிடம் இதற்கு மருந்து இல்லை என்பது உண்மையே.

ஆனால் குறியீடு என்பது நோயன்று, நோயாளி சொல்லும் சொல். என்ஜின் சுழல்வதை உணர்த்தும் கருவியிலிருந்து செய்தி வரவில்லை என்று கணினி கூறும். கருவி கெட்டதா, கம்பி அறுந்ததா என்று அது கூறாது. குறியீட்டை மட்டும் நம்பிப் புதுக் கருவியை வாங்கி மாட்டுவோர் உண்டு. வயல் சூழ்ந்த ஊர்களில் அனுபவசாலி முதலில் கம்பியைத் தடவிப் பார்ப்பான். எலி கடித்த இடம் விரலில் தட்டுப்படும்.