பருவமழை மேல் விழுந்த பழி

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் உளுந்தூர்பேட்டையைக் கடந்துபோகும் பலருக்கு, அந்த ஊரை ஒட்டி ஒரு பழைய விமான ஓடுதளம் கிடப்பது தெரியாது. இரண்டாம் உலகப் போரின்போது போடப்பட்ட தளம் அது. பர்மா ஜப்பானியர் கைக்குப் போய், வங்கக் கடலிலும் ஆபத்து சூழ்ந்த நாட்களில் சூலூர், கயத்தாறு, சோழவரம் என்று தமிழகத்தில் பல இடங்களில் ஓடுதளங்கள் எழுந்தன. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டமும் அப்படித்தான் போர் வரைபடத்தில் இடம்பிடித்தது.

அந்தப் போரில் இந்திய வானத்துக்கு வந்த ஒரு விமானத்தைப் பற்றிக் கள்ளக்குறிச்சிக்காரர்களிடம் பேசுவது எளிது. ஏனென்றால் அது மரத்தால் ஆனது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்கள் வரை உளி பிடிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. மரம் விரிந்தால், ஒட்டு பிரிந்தால், குற்றம் மரத்திலா, காலநிலையிலா, வேலை செய்தவன் கையிலா என்பதை இங்கே ஓர் ஆசாரி பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். பிரிட்டனின் புகழ்பெற்ற விமான நிறுவனம் ஒன்றுக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை.

இறக்கை பிரிந்த கதை

1940 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது மஸ்கிட்டோ. டி ஹாவிலாண்ட் நிறுவனத்தின் படைப்பு. பிர்ச் பிளைவுட் தகடுகளுக்கு நடுவே லேசான பால்சா மரத்தை வைத்து ஒட்டிய உடல், மரத்தாலான இறக்கை, இரண்டு என்ஜின்கள். மேசை நாற்காலி செய்துகொண்டிருந்த பட்டறைகள் அதன் பாகங்களைச் செய்தன. அந்தக் காலத்தின் மிக வேகமான விமானங்களில் ஒன்று. மொத்தம் 7,700க்கும் மேல் கட்டப்பட்டன.

பர்மா போர்முனைக்காக மஸ்கிட்டோக்கள் இந்தியா வந்தன. பெங்களூரை அடுத்த எலகங்காவில் விமானிகளுக்குப் பயிற்சி நடந்தது. 1944 இறுதியில் சில மஸ்கிட்டோக்கள் நடுவானில் உடைந்து விழுந்தன. நவம்பரில் அவற்றைப் பறக்கவிடாமல் நிறுத்தினார்கள். காரணம் அறிய இங்கிலாந்திலிருந்து வந்த குழுவுக்குத் தலைவர் மேஜர் ஹியர்வர்ட் டி ஹாவிலாண்ட். நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப்ரி டி ஹாவிலாண்டின் சொந்தத் தம்பி.

டிசம்பர் தொடக்கத்தில் அவர் அறிக்கை தந்தார். பசை கெடவில்லை, மழைக்காலத்தில் விமானத்தின் மரச்சட்டம் சுருங்கியதுதான் காரணம் என்றது அது. விமானம் செய்தவரின் வீட்டாரே விசாரித்தார்கள். பழி நம் ஊர்ப் பருவமழை மேல் விழுந்தது.

ஆனால் விமான உற்பத்தி அமைச்சகம் இங்கிலாந்திலேயே, டெஃபர்டு தளத்தில் வேறொரு சோதனை நடத்தியது. அங்கே ஆறு வகை மஸ்கிட்டோக்களில் அதே மாதிரிக் குறைகள் தெரிந்தன. அவை எதுவும் இந்திய மழையைப் பார்த்ததில்லை. எல்லாமே ஹாட்ஃபீல்டு, லீவ்ஸ்டன் தொழிற்சாலைகளில் கட்டப்பட்டவை. ஒட்டுவேலையின் தரம் மோசம் என்று சோதித்தவர்கள் முடிவுக்கு வந்தார்கள். இறக்கையின் நீளவாக்கில் ஒட்டு வாயை மூடும்படி ஒரு பிளைவுட் பட்டை வைத்துக் குறையைச் சரிசெய்தார்கள். விமானத்தின் மீதிருந்த நம்பிக்கை குலையக் கூடாது என்பதற்காக, காலநிலைதான் காரணம் என்ற பழைய விளக்கத்தையே இன்னோர் அமைச்சகமான விமானத்துறை அமைச்சகம் பிடித்துக்கொண்டிருந்தது.

கல்கத்தாவுக்கு மேலே

எட்டு ஆண்டுகள் கழிந்தன. அதே டி ஹாவிலாண்ட் உலகின் முதல் பயணிகள் ஜெட் விமானமான காமெட்டைக் கட்டியது. 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குச் சேவை தொடங்கியது. சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2 அன்று, சிங்கப்பூரிலிருந்து லண்டன் போய்க்கொண்டிருந்த ஒரு காமெட், கல்கத்தா டம்டம்மிலிருந்து டெல்லி நோக்கிக் கிளம்பியது. ஆறே நிமிடங்களில் இடிமழைக்குள் உடைந்து விழுந்தது. அதிலிருந்த 43 பேரும் இறந்தார்கள்.

அது வங்கத்தில் கோடைப் புயல் அடிக்கும் மாதம். விசாரணை முடிவும் அதையே சொன்னது: கடும் காற்று வீச்சு விமானத்தை உடைத்திருக்கலாம், அல்லது விமானியின் கட்டுப்பாடு தவறியிருக்கலாம். புயல் அடித்தது உண்மைதான். ஆனால் அந்த பதில் கிடைத்ததும் மற்ற காமெட்டுகள் தொடர்ந்து பறந்தன.

1954 ஜனவரி 10 அன்று, ரோமிலிருந்து கிளம்பிய காமெட் எல்பா தீவருகே கடலில் விழுந்தது. 35 பேர் இறந்தார்கள். சேவையை நிறுத்தி, திருத்தங்கள் செய்தார்கள். உறுதியான காரணம் தெரியாமலே மார்ச் 23 அன்று மறுபடியும் பறக்கவிட்டார்கள். பதினாறாம் நாள், ஏப்ரல் 8 அன்று, இன்னொன்று நேப்பிள்ஸ் அருகே கடலில் மறைந்தது. மேலும் 21 பேர்.

அதன் பிறகுதான் விமானத்தையே சந்தேகித்தார்கள். ஃபார்ன்பரோ ஆய்வகத்தில் ஆர்னால்டு ஹால் தலைமையில் ஒரு முழுக் காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, அழுத்தத்தை ஏற்றி இறக்கினார்கள். பறந்ததும் தொட்டியில் பட்டதுமாகச் சேர்த்து 3,057 சுற்றுகளில் உடல் கிழிந்தது. அழுத்தம் ஏறி இறங்கியதில் உலோகம் சோர்ந்து, உடலில் இருந்த ஒரு திறப்பின் மூலையில் விரிசல் விட்டிருந்தது.

டி ஹாவிலாண்ட் சோதிக்காமல் விடவில்லை. விதி கேட்டதற்கு மேலாகவே சோதித்தது. ஆனால் ஒரே உடற்பகுதிக்கு முதலில் மிக அதிக அழுத்தம் கொடுத்துப் பலம் பார்த்தார்கள். பிறகு அதிலேயே ஆயுளையும் அளந்தார்கள். முதல் அழுத்தம் உலோகத்தை இறுக்கிவிட்டதால், உண்மையில் இல்லாத ஆயுள் காகிதத்தில் வந்தது. தங்கள் சோதனையை முழுதாக நம்பியவர்களுக்குக் கல்கத்தாவில் வானத்தைச் சந்தேகிப்பதே எளிதாக இருந்தது.

இயக்குநர்களின் மேசை

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2018 அக்டோபர் 29 அன்று இந்தோனேசியாவில் லயன் ஏர் நிறுவனத்தின் போயிங் 737 மேக்ஸ் விழுந்து 189 பேர் இறந்தார்கள். முதலில் பராமரிப்பின் மீதும் விமானிகள் மீதும் விரல் நீண்டது. ஒரே ஒரு உணரியின் தவறான அளவை நம்பி மூக்கைக் கீழே தள்ளும் மென்பொருள் அந்த விமானத்துக்குள் இருந்தது. 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியாவில் இன்னொரு மேக்ஸ் விழுந்து 157 பேர் போனார்கள். அதன் பிறகே இந்தியா உட்பட உலகம் அந்த விமானத்தை நிறுத்தியது.

விமானம் கட்டுவதே தொழிலான போயிங்கின் இயக்குநர் குழுவில், விமானப் பாதுகாப்பைக் கவனிப்பதற்கென்று தனிக் குழு அதுவரை இல்லை. இரண்டாவது விபத்துக்குப் பிறகு 2019இல்தான் அமைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் தலைமைச் செயல் அதிகாரி டெனிஸ் முய்லன்பர்க் வெளியேற்றப்பட்டார். பங்குதாரர்கள் தொடர்ந்த வழக்கைத் தள்ளுபடி செய்ய அமெரிக்காவின் டெலவேர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் மறுத்தது. பாதுகாப்பை மேற்பார்வையிடும் கடமையில் இயக்குநர்கள் தவறினார்கள் என்ற குற்றச்சாட்டு விசாரணைக்கு உரியது என்றது. 23.75 கோடி டாலரில் வழக்கு சமரசமானது.

மூன்று கதைகளிலும் முதல் விபத்து உற்பத்தியாளரின் ஊரிலிருந்து வெகுதொலைவில் நடந்தது. முதல் பழி அந்த ஊரின் மழை மீதோ, காற்று மீதோ, அங்குள்ள மனிதர்கள் மீதோ விழுந்தது. காமெட்டிலும் மேக்ஸிலும் சொந்தப் பட்டறையின் கதவைத் திறந்து பார்க்க மேலும் உயிர்கள் போக வேண்டியிருந்தது. இயக்குநர் குழு என்று ஒன்று இருப்பதே அந்தக் கதவை முதல் நாளே திறக்கத்தான். லாபக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்பவர்கள், தொலைதூரத்தில் ஒரு விமானம் விழுந்தால் அன்றே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நம் வேலையில் என்ன குறை? மஸ்கிட்டோக்கள் விழுந்தபோதும் கல்கத்தாவில் காமெட் விழுந்தபோதும் அதைக் கேட்டிருக்க வேண்டும். இந்தியாவுக்கு விமானம் விற்கும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் அதை எதிர்பார்க்க நமக்கு முழு உரிமை உண்டு.

அந்த உரிமையை ஒருமுறை நம் அரசே கையில் எடுத்தது. 1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் விழுந்த புத்தம்புது ஏர்பஸ் ஏ320 விமானத்தில் 92 பேர் இறந்தபோது, இந்தியன் ஏர்லைன்ஸின் ஏ320 விமானங்கள் அனைத்தையும் அரசு தரையிறக்கியது. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)