ஜப்பானிய ஏரிகளில் பாஸ் மீன்பிடிப்பு

பெருவாய் பாஸ் வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட நன்னீர் மீன். இதைத் தூண்டிலிட்டுப் பிடிக்கும் பொழுதுபோக்கு, ஜப்பானில் 1925 ஆம் ஆண்டு ஒரு மலை ஏரியில் தொடங்கியது. 80 ஆண்டுகளுக்குப் பின் இந்த மீனைக் கட்டுப்படுத்த நாடு தழுவிய சட்டம் தேவைப்பட்டது. இந்த வரலாற்றின் முதன்மைக் களம் ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவா.

வருகை

தொழிலதிபர் அக்காபோஷி தெட்சுமா அமெரிக்காவிலிருந்து பாஸ் மீன்களைக் கொண்டுவந்து, கனகாவா மாகாணத்தின் ஆஷி ஏரியில் விட்டார். உணவுக்கும் தூண்டில் விளையாட்டுக்கும் ஏற்ற மீன் என்று அவர் கருதினார். மலைகள் சூழ்ந்த எரிமலைப் பள்ளத்தில் அமைந்த ஏரி என்பதால், மீன் வெளியே பரவாது என்று நம்பப்பட்டது.

பரவல்

1970களில் செயற்கை இரையால் மீன்பிடிக்கும் வழக்கம் இளைஞரிடையே வேகமாகப் பரவியது. அதனுடன் பாஸ் மீனும் ஏரிக்கு ஏரி கொண்டுசெல்லப்பட்டது. பிவா ஏரியில் இது 1974 இல் கண்டறியப்பட்டு, 1980களில் பெருகியது.

பிவா ஏறத்தாழ 670 சதுர கிலோமீட்டர் பரப்புடைய தொன்மையான ஏரி. வேறெங்கும் இயற்கையாக வாழாத மீன்கள் இங்கு உண்டு. அவற்றுள் ஒன்றான நிகோரோபுனாவை உப்பிட்டு, சோற்றுடன் நெடுநாள் புளிக்கவைத்து ஃபுனாசுஷி என்னும் உணவைச் செய்வர். இத்தகைய மீன்களின் குஞ்சுகள் பாஸுக்கு இரையாயின. கரையோர நாணல் படுகைகளின் அழிவும் நீர்மட்டக் கட்டுப்பாடும் உள்நாட்டு மீன்களின் வீழ்ச்சிக்குக் காரணங்களே. எனினும் ஏரி மீனவர்களின் வாழ்வாதாரத்துக்கு பாஸ் நேரடி அச்சுறுத்தலானது.

குளிரும் காற்றும்

பாஸ் வெதுவெதுப்பான நீரை விரும்பும் மீன். அதன் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. நீர் 10 பாகைக்கும் கீழே குளிரும்போது செரிமானம் மந்தமாகி, அது அரிதாகவே இரை தேடும். ஆனால் இறப்பதில்லை. வெப்பநிலை அதிகம் மாறாத ஆழத்துக்கு இறங்கி, குளிர்காலத்தைக் கழிக்கும். பிவாவின் வடபகுதி 100 மீட்டருக்கும் மேல் ஆழமானது. குளிர்காலத்தில் தூண்டில்காரர்கள் உலோக இரையை ஆழத்தில் இறக்கி மெல்ல அசைப்பர். காற்று வீசினால் படகு நகர்ந்துவிடும், நரம்பு வளையும், மீனின் மெல்லிய கடியை உணர்வது கடினம்.

மார்ச் இறுதியில் ஹிரா மலைகளிலிருந்து ஏரியை நோக்கி இறங்கும் கடுங்காற்று 'ஹிரா ஹக்கோ' எனப்படுகிறது. அது ஓய்ந்தால்தான் வசந்தம் வரும் என்பது அப்பகுதி மக்களின் வழக்கு. முட்டையிடுவதற்கு முன் பெரிய பாஸ்கள் ஆழத்திலிருந்து கரைப்பக்கம் நகரத் தொடங்கும் காலமும் இதுவே. எனவே தூண்டில்காரர்களை ஏரி ஈர்க்கும் பருவமும் ஆபத்தான பருவமும் ஒன்றாக அமைகின்றன. 1941 ஏப்ரலில் இந்த ஏரியில் துடுப்புப் படகுப் பயிற்சிக்குச் சென்ற 11 பேர் பலத்த காற்றில் சிக்கி இறந்தனர்.

சட்டம்

பிவா அமைந்துள்ள ஷிகா மாகாணம், பிடித்த பாஸை மீண்டும் நீரில் விடுவதை 2003 இல் தடை செய்தது. அவற்றைப் போட கரைகளில் பெட்டிகள் வைக்கப்பட்டன. 2005 இல் நடைமுறைக்கு வந்த அயல் உயிரினச் சட்டம், பாஸை உயிருடன் கொண்டுசெல்வதையும் வளர்ப்பதையும் வேறிடத்தில் விடுவதையும் நாடு முழுவதும் தடுத்தது. ஆஷி, கவாகுச்சி, யமனாக்கா, சாய் ஆகிய நான்கு ஏரிகளில் மட்டும் பாஸுக்கான மீன்பிடி உரிமை நீடிக்கிறது.

உலக சாதனை

ஜார்ஜ் பெர்ரி 1932 இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிடித்த 10.09 கிலோ பாஸ், 77 ஆண்டுகள் தனிச் சாதனையாக இருந்தது. 2009 ஜூலை 2 அன்று குரிட்டா மனாபு பிவாவில் 10.12 கிலோ பாஸைப் பிடித்தார். பழைய சாதனையை முறியடிக்க விதிப்படி ஏறத்தாழ 57 கிராம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதால், இரண்டும் சமம் என்று அறிவிக்கப்பட்டது.

அவர் இரையாகப் பயன்படுத்தியது உயிருள்ள புளூகில் மீன். அதுவும் அமெரிக்க மீனே. 1960 இல் சிகாகோ மேயர், அப்போதைய இளவரசர் அகிஹித்தோவுக்கு அதைப் பரிசளித்தார். பின்னர் அது பிவா உள்ளிட்ட நீர்நிலைகளில் பரவியதற்காக, பேரரசராக இருந்த அகிஹித்தோ 2007 இல் ஷிகாவில் நடந்த விழாவில் வருத்தம் தெரிவித்தார். உலக சாதனை மீனும் அதன் இரையும், ஏரி இழந்தவற்றின் கணக்கிலேயே சேர்கின்றன.