ஈபிஎன்ஏ-2 இழப்பும் வன்னி மலேரியாவும்: பேர்க்கிற் லிம்போமா பற்றிய ஒரு மறுவாசிப்பு

எப்ஸ்டீன்-பார் வைரசு பி நிணநீர்க்குழியங்களைப் புற்றாக்கும் விதம் பற்றி ஒரு கருத்து நெடுங்காலமாக நிலைபெற்றிருக்கிறது. ஈபிஎன்ஏ-2, எல்எம்பி-1 ஆகிய வைரசுப் பரம்பரையலகுகளே உருமாற்றத்தை இயக்குகின்றன. மலேரியா நிர்ப்பீடனக் காவலைத் தளர்த்தி அவற்றுக்கு வழிவிடுகிறது என்பது அது. முற்பாதி வளர்ப்புத் தட்டில் உண்மை. பேர்க்கிற் லிம்போமாவுக்கு அது பொருந்தாது. பிற்பாதியும் போதாது என்பதற்கு வன்னியின் மலேரியா வரலாறு சான்று தருகிறது எனக் கருதுகிறேன்.

வழக்கின் மையம் பி3எச்ஆர்-1 என்னும் குழிய வழி. பேர்க்கிற் கட்டியொன்றிலிருந்து பெற்ற ஜிஜோயே வழியின் கிளை அது. அதிலுள்ள வைரசில் ஈபிஎன்ஏ-2 அறுந்துபோயிருக்கிறது. ஜிஜோயே வைரசு புதிய பி குழியங்களை ஓயாது பெருக வைக்கும். பி3எச்ஆர்-1இன் வைரசால் அது முடியாது. இழந்த துண்டை மீளச் சேர்த்தபோது ஆற்றலும் மீண்டது. ஆகவே ஈபிஎன்ஏ-2 இன்றிப் புற்று இல்லை என்று முடிவுகட்டினார்கள். ஆனால் அதே சான்றின் மறுபக்கத்தை ஏன் வாசிக்கவில்லை? ஈபிஎன்ஏ-2 இல்லாத வைரசைச் சுமந்துகொண்டே பி3எச்ஆர்-1 குழியங்கள் 1960களிலிருந்து இன்றுவரை ஆய்வுகூடங்களில் பிரிந்து பெருகி வருகின்றன. அந்த இழப்பு உருமாற்றத்தின் தொடக்கத்தைத் தடுக்கிறது, தொடர்ச்சியைத் தடுக்கவில்லை.

அது வளர்ப்பில் நேர்ந்த சிதைவு என்று ஒதுக்குவதற்கு இப்போது இடமில்லை. பேர்க்கிற் கட்டிகளில் ஒரு சிறு பகுதியில் ஈபிஎன்ஏ-2 அறுந்த வைரசு உண்டு என்பது 2002இல் வெளிவந்தது. எஞ்சிய பெரும்பாலானவற்றில் அப்பரம்பரையலகு அறுபடவில்லை, ஆயினும் அடங்கிக் கிடக்கிறது. ஈபிஎன்ஏ-1 மட்டுமே வெளிப்படுகிறது. இரண்டு வழிகளும் ஒரே இடத்தில் போய் முடிவதைத் தற்செயல் என்று கொள்வது கடினம். காரணமும் தெரிகிறது. பேர்க்கிற் குழியத்தில் நிறமூர்த்தம் 8இலிருந்து இடம்பெயர்ந்த மைக் பரம்பரையலகு, பெரும்பாலும் நிறமூர்த்தம் 14இல், இம்யூனோகுளோபுலின் பாரச் சங்கிலியின் கட்டுப்பாட்டில் அமர்கிறது. ஈபிஎன்ஏ-2 அந்தச் சங்கிலியின் வெளிப்பாட்டையே குறைப்பது. எனவே இடம்பெயர்ந்த மைக்கையும் அடக்குகிறது. சாதாரண பி குழியத்தில் அது மைக்கைத் தூண்டுகிறதே என்பார்கள். உண்மைதான், ஆனால் அங்கே மைக் தன் சொந்த இடத்தில் இருக்கிறது. உறுப்பு மாற்றத்தின் பின் வரும் லிம்போமாக்களில் ஈபிஎன்ஏ-2 வெளிப்படுவதும் எதிர்ச்சான்றாகாது. நிர்ப்பீடனம் மருந்தால் ஒடுக்கப்பட்ட உடலில் நடப்பது வேறு நோய்.

இனி மலேரியா. வன்னி உலர்வலயத்தின் மலேரியா நிலமாக இருந்தது. போர்க்காலத்தில் வடக்கின் சுமை கூடி, 1999இல் இலங்கை முழுவதிலும் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட மலேரியா நோயாளர் பதிவாகினர். வைரசும் குறையவில்லை; உலகின் வளர்ந்தோரில் 90 வீதத்துக்கும் மேற்பட்டோர் அதைச் சுமக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் போதுமெனில், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குழந்தைகளின் தாடை வீக்கம் உகண்டாவில் போல் ஊரறிந்த நோயாக இருந்திருக்க வேண்டும். தனித்தனி நோயாளர் இருந்திருக்கலாம். ஆபிரிக்காவில் வரையப்பட்டதுபோன்ற லிம்போமா வலயம் இங்கு இல்லை. போரில் பதிவுகள் அழிந்தன என்ற மறுப்பை நான் பெரிதாகக் கொள்ளவில்லை. முகத்தையே உருக்குலைக்கும் கட்டி, போருக்கு முந்திய பல பத்தாண்டுகளிலும் மருத்துவர் கண்ணுக்குத் தப்பியிருக்க முடியாது.

வேறுபாடு மலேரியாவின் இயல்பில் இருக்கிறது. இங்கு மேலோங்கியது வைவாக்ஸ். அதுவும் மழையோடு ஏறி இறங்கிய, நிலையற்ற பரவல். மத்திய ஆபிரிக்கக் குழந்தையோ ஆண்டு முழுவதும் பல்சிபாரம் தொற்றிலேயே வளர்கிறது. ஓயாத அத்தூண்டலில் முளைமையங்கள் அடங்காமல் இயங்க, ஏஐடி நொதியம் வரம்பு மீறி மரபுச் சரங்களை வெட்டுகிறது. மைக் இடம்பெயரும் வாய்ப்பு அங்கேதான் பெருகுகிறது. இந்த விளக்கத்தில் மலேரியாவின் முதன்மை வேலை குழியத்தின் சொந்தப் பரம்பரையலகை உடைப்பதாகும். காவலைத் தளர்த்துவது அதற்கு அடுத்ததே.

அப்படியானால் கட்டி ஏன் வைரசை உதறிவிடவில்லை? மிகையான மைக் குழியத்தைப் பெருக்குவதோடு தற்கொலைக்கும் தள்ளுகிறது. பேர்க்கிற் குழியங்களில் ஈபிஎன்ஏ-1ஐத் தடுத்தால் அவை மடிகின்றன. ஈபிஎன்ஏ-2 அறுந்த கட்டிகளில் குழியச் சாவைத் தடுக்கும் பிஎச்ஆர்எவ்-1 வெளிப்படுகிறது. மைக் உடைந்த குழியத்தைச் சாகவிடாமல் வைத்திருப்பதே கட்டியில் வைரசுக்கு எஞ்சிய வேலை. வன்னிக் குழந்தைகளின் பி குழியங்களிலும் அதே வைரசு, அதே ஆற்றலோடு இருந்தது. அது காப்பாற்றுவதற்கு மைக் உடைந்த குழியங்கள்தான் அங்கே போதிய அளவில் உருவாகவில்லை.