பாவனை விளையாட்டும் கற்பனைத் தோழமையும்

ஒரு பொருளை வேறொன்றாகவும், தன்னை வேறு ஆளாகவும், இல்லாத ஒருவரை இருப்பவராகவும் வைத்துக்கொண்டு குழந்தை ஆடுவது பாவனை விளையாட்டு. பெரும்பாலான குழந்தைகளிடம் ஒன்றரை வயதையொட்டித் தலைகாட்டும். மூன்று வயது முதல் ஆறு வயதுவரை வீட்டையே ஆட்டிவைக்கும். அம்மா அப்பா விளையாட்டு, டீச்சர் விளையாட்டு, கடை வைத்து விளையாடுவது, சொப்புச் சாமான் பரப்பிச் சமைப்பது எல்லாம் இதில் அடங்கும்.

தொடக்கம் மிகச் சிறியது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1945-இல் வெளியிட்ட நூலில், தம் மகளிடம் ஒன்றேகால் வயதில் கண்டதை எழுதியிருக்கிறார். அவளுடைய தலையணையைப் போலவே ஓரத்தில் குஞ்சம் வைத்த துணி ஒன்று கண்ணில் பட்டது. அதைப் பற்றிக்கொண்டு, கட்டைவிரலைச் சூப்பியபடி ஒருக்களித்துப் படுத்தாள். படுத்துக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் விஷயம் இருக்கிறது. தூக்கம் வந்து படுக்கிற குழந்தை அப்படிச் சிரிக்காது.

மண்சோறு ஆக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மூன்று கல் வைத்த அடுப்பு, கொட்டாங்குச்சியில் மணல், மேலே கிள்ளிப் போட்ட இலை. ‘உப்பு பத்தலையே’ என்றால் ஒரு சிட்டிகை மணலைத் தூவும். ‘சூடா இருக்கு’ என்று ஊதித் தரும். தான் உண்ணும்போது கையை வாயருகே கொண்டுபோய், ஒரு விரற்கடை தூரத்தில் நிறுத்தி, வெறும் வாயை மெல்லும். விருந்துக்கு வந்த தாத்தா நிஜமாகவே மணலை வாயில் போடப்போனால் பதறிக் கையைத் தட்டிவிடும்: ‘ஐயோ, அது மண்ணு தாத்தா!’

சோறு என்ற நினைப்பும் மண் என்ற அறிவும் ஒன்றோடொன்று கலக்காமல் ஒரே மனதில் இருக்கின்றன. வாழைப்பழத்தைத் தொலைபேசியாக்கிப் பேசும் குழந்தை வாழைப்பழம் என்றால் என்ன என்பதில் ஏன் குழம்புவதில்லை என்று கேட்டு, ஆலன் லெஸ்லி 1987-இல் இதை ஆராய்ந்தார். பிறர் மனதில் வேறொரு எண்ணம் இருக்கலாம் என்று புரிந்துகொள்ளும் திறனுக்கும் இதுவே வித்து என்பது அவர் கருத்து. ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933-இல் ஆற்றிய சொற்பொழிவில் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். குச்சியைக் குதிரையாக்கும்போது பொருளிலிருந்து அதன் அர்த்தம் பிரிகிறது. கூடவே விதியும் வந்துவிடுகிறது: அம்மாவாக ஆடுகிறவள் அம்மாவைப் போலத்தான் நடந்துகொள்ள வேண்டும்.

தமிழிலக்கியம் இந்த விளையாட்டை நெடுங்காலமாக அறியும். சங்கப் பாடல்களில் சிறுமியர் மணலில் சிற்றில் கட்டுகிறார்கள், வண்டற்பாவை செய்கிறார்கள்; அலை வந்து பாவையை அழித்தால் அழுகிறார்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்களுள் ஒன்று சிற்றில். ஏழாவதான அம்புலிப் பருவத்தில் தாய் நிலாவைக் குழந்தையோடு விளையாட வரச்சொல்லி அழைக்கிறாள். நிலாவைக் காட்டிச் சோறூட்டும் வீடுகளில் குழந்தைக்குக் கற்பனைத் தோழனை முதலில் அறிமுகம் செய்வது பெரியவர்களே எனலாம்.

குழந்தை தானே படைத்துக்கொள்ளும் தோழமை இருவகை. ஒன்று, பொம்மைக்கு உயிரும் குணமும் கொடுத்துக் கூடவே தூக்கித் திரிவது. மரப்பாச்சியைக் குளிப்பாட்டித் துணி சுற்றித் தாலாட்டுவது இவ்வகை. மற்றது கண்ணுக்கே தெரியாத தோழன். நாற்காலியில் உட்காரப்போனால் ‘அங்க குட்டிமணி இருக்கான்’ என்று தடுக்கும். அவனுக்கும் ஒரு தட்டில் இட்லி கேட்கும். ஓரிகன் பல்கலைக்கழகத்தின் மார்ஜரி டெய்லர் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்விரு வகையையும் சேர்த்து, ஏழு வயதுக்குள் 65 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு இத்தகைய தோழமை இருந்திருக்கிறது. தனிமையில் வாடும் குழந்தைக்கே இது வரும் என்ற பழைய எண்ணத்தை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. அக்கறையோடு கேள்வி கேட்ட ஆய்வாளரிடமே ‘இது சும்மாதான்’ என்று சில குழந்தைகள் எடுத்துச் சொன்னதையும் டெய்லர் பதிவுசெய்திருக்கிறார்.

ஆகவே வெறும் மூலையோடு பேசும் பிள்ளையைப் பொய் சொல்வதாக அதட்டுவதும், காத்துக்கருப்பு பட்டதென்று மந்திரிக்க அழைத்துப்போவதும் அதற்கு இழைக்கும் அநீதி. தட்டு கேட்டால் வைக்கலாம். தோழன் என்ன சொல்வான், என்ன செய்வான் என்பதைக் குழந்தையிடமே விட்டுவிட வேண்டும். தோழன் அடிக்கச் சொல்கிறான், பயமுறுத்துகிறான் என்று குழந்தை நடுங்கினாலோ, மனிதர்களிடமிருந்து அடியோடு ஒதுங்கினாலோ மருத்துவரைப் பார்ப்பது நல்லது. பாவனையே தலைகாட்டாமல், கூப்பிட்டால் திரும்பாமல், பேச்சும் பிந்தினால் அப்போதும் காட்ட வேண்டும். ஆட்டிசத்துக்கான தொடக்கநிலைப் பரிசோதனையில் பாவனை விளையாட்டைப் பற்றியும் கேட்பார்கள்.

குட்டிமணிகள் பெரும்பாலும் சொல்லாமலே போய்விடுகிறார்கள். இரண்டாவது தட்டு கேட்பது நின்று பல நாள் ஆன பிறகே வீட்டில் யாருக்காவது அது நினைவுக்கு வரும்.