கல்லைப் படிக்க என்ன தகுதி வேண்டும்?

கல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. 1893ல் தாமஸ் ஹாலண்ட் என்ற இளம் நிலவியலாளர் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அந்த வகைப் பாறைக்கு சார்னோகைட் என்று பெயர் வைத்தார். கல் வங்காளத்துக் கல் இல்லை. நம்ம பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறை. எங்கள் வேலூர்ப் பக்கம், ஜவ்வாது மலையிலும் அந்த இனப் பாறை உண்டு.

ஹாலண்ட் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தது 1890ல். அவருக்குப் பத்து வருடம் முன்பே, 1880ல், பிரமதநாத் போஸ் அங்கே அதிகாரியாகச் சேர்ந்திருந்தார். அந்தத் துறையில் உயர்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். லண்டன் பல்கலைக்கழகப் பட்டம், ராயல் ஸ்கூல் ஆஃப் மைன்ஸ் படிப்பு என்று அன்றைக்குக் கேட்கக்கூடிய எல்லாத் தகுதியும் அவரிடம் இருந்தது. ஆனாலும் 1903ல் இயக்குநர் நாற்காலி ஹாலண்டுக்குத்தான் போனது. போஸ் வேலையை விட்டு விலகினார். அடுத்த வருடம் அவர் ஜாம்ஷெட்ஜி டாடாவுக்கு மயூர்பஞ்ச் இரும்புத்தாதுவைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். டாடா இரும்பாலை அந்த இடத்தைச் சுற்றி எழுந்ததற்கு அந்தக் கடிதமும் ஒரு காரணம்.

ஹாலண்ட் திறமையில்லாதவர் என்று சொல்ல வரவில்லை. சார்னோகைட் பற்றி அவர் 1900ல் எழுதிய ஆய்வை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். பட்டம் இருந்தால் மட்டும் போதாது என்று ஒரு இந்தியருக்குச் சொல்லப்பட்டது, அதுதான் விஷயம். அந்த நாற்காலியில் ஒரு இந்தியர் உட்கார 1951 வரை ஆனது. உட்கார்ந்தவர் எம்.எஸ். கிருஷ்ணன். தஞ்சாவூர்ப் பக்கம் மகாராஜபுரத்துக்காரர், சென்னை மாநிலக் கல்லூரியில் நிலவியல் படித்து, லண்டனில் ஆய்வுப் பட்டம் வாங்கி, 1924ல் துறையில் சேர்ந்தவர்.

இன்றைக்குத் தகுதி வெளிப்படையாக அச்சில் இருக்கிறது. அந்தத் துறையில் நிலவியலாளர் ஆகவும், மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் விஞ்ஞானி ஆகவும் யு.பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும். அதற்கு முதுகலைப் பட்டம் கட்டாயம். முதுகலை என்றால் பொதுவாக இரண்டு வருடம், நான்கு பருவம். உள்ளே போக வழக்கமாக இளங்கலையிலேயே நிலவியல் படித்திருக்க வேண்டும். நான் வைத்திருக்கும் பொறியியல் பட்டம் பெரும்பாலான இடங்களில் மனு போடக்கூட உதவாது.

முதலில் இது வீண் கெடுபிடி என்றுதான் எனக்குப் பட்டது. பாடத்திட்டத்தைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை. கனிமவியல், பாறையியல், தொல்லுயிரியல், நிலத்தடி நீர் எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, சரி. ஆனால் ஒரு பாறைத் துண்டை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும் அந்தச் சீவலை நுண்ணோக்கியில் வைத்து, எது எந்தக் கனிமம் என்று அடையாளம் சொல்லும் கண் இரண்டு வாரத்தில் வராது. சுத்தியலும் திசைகாட்டியும் எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்து, தெரியும் பாறையிலிருந்து தெரியாத அடிநிலத்தை வரைபடமாக்கும் களப்பயிற்சியும் அப்படித்தான். கடைசியில் ஓர் ஆய்வேடும் எழுத வேண்டும். நாங்கள் கோடு தப்பானால் ஓட்டிப் பார்த்துத் திருத்துவோம். நிலத்தை அப்படி ஓட்டிப் பார்க்க முடியாது.

இதெல்லாம் நமக்கு எதற்கு? பாகாயத்திலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை ஒரு நடை போய்வந்தால் தெரியும். ஏலகிரி சயனைட் பாறை. திருப்பத்தூர் பக்கத்து சேவாத்தூரில் கார்பனடைட், அதாவது சுண்ணாம்புச் சத்து நிறைந்த தீக்குழம்பு உறைந்த அபூர்வமான பாறை. 70 கோடி வருடத்துக்கும் மேல் பழையது. இவற்றுக்கு நடுவே பாலாறு ஓடுகிறது, டேனரிகள் நிற்கின்றன. தோலைக் கெடாமல் வைக்கப் போட்ட உப்பும், பதனிடப் போட்ட குரோமியமும் கழிவுநீரோடு மண்ணுக்குள் இறங்கின. 1996 ஆகஸ்ட் 28ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. டேனரிப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

மாசுபடுத்தியவர் ஈடுகட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிடலாம். ஆனால் எந்தக் கிணற்றில் எந்த வழியாக உப்பு வந்தது என்று சொல்ல வக்கீலால் முடியாது. கடினப் பாறைப் பூமியில் தண்ணீர் மேலே சிதைந்த அடுக்கிலும், கீழே விரிசல்களிலும்தான் நிற்கிறது. விரிசல் போகும் திசையில் உப்பும் போகும். அதனால் பக்கத்துக் கிணறு தப்பித்து, தூரத்துக் கிணறு கரிக்கலாம். அந்த விரிசலைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

எங்கள் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களிடம் கம்ப்யூட்டரா, மெக்கானிக்கலா என்றுதான் கேட்பார்கள். என்னிடமும் அப்படித்தான் கேட்டார்கள். நிலவியலுக்கான கதவோ பெரும்பாலும் அந்த வயதிலேயே, இளங்கலை விண்ணப்பத்திலேயே திறந்து மூடிவிடுகிறது. போஸுக்கு அடைத்த கதவு வேறு. இந்தக் கதவு பூட்டியிருக்கவில்லை; அது இருப்பதையே பதினேழு வயதில் யாரும் காட்டுவதில்லை. உங்கள் வீட்டில் ஒரு தம்பியோ தங்கையோ கல் பொறுக்கிக்கொண்டு வந்தால், இந்தப் படிப்பின் பெயரையாவது சொல்லிவையுங்கள்.