மூன்று என்னும் இலக்கம்

மட்டக்களப்பு நகரிலிருந்து வாழைச்சேனைக்குச் செல்லும் பெருந்தெருவிலே, ஏறாவூர்ப்பற்றில் உள்ளது சித்தாண்டி என்னும் பழம்பதி. சித்திரவேலாயுத சுவாமி கோயிலால் நாடறிந்த அவ்வூர், நெல்லையும் கால்நடையையும் வாவியையும் நம்பி வாழ்ந்து வந்தது. மழை பொய்த்தாலும் வேளாண்மை பிழைக்கும். வெள்ளம் மிகுந்தாலும் பிழைக்கும். மாதந்தோறும் தவறாது வரும் சம்பளத்துக்கும் முதுமையிற் கிடைக்கும் ஓய்வூதியத்துக்கும் அத்தகைய ஊரில் எத்துணை மதிப்பு உண்டென்பதைக் கூற வேண்டியதில்லை. “கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்னும் பழமொழி யாழ்ப்பாணத்தாருக்கு மட்டும் உரியதன்று.

அரசாங்க உத்தியோகத்துக்கு வாயில் விண்ணப்பப் படிவம். வெள்ளிக்கிழமைதோறும் வெளிவரும் வர்த்தமானியில் அறிவித்தல் கண்டவுடன் வீட்டிலே தேடல் தொடங்கும். பிறப்புப் பத்திரம் எங்கே? பரீட்சைச் சுட்டெண் எது? கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்தப் பாடசாலை அதிபரிடம் செல்வதா, சமாதான நீதவானிடம் செல்வதா? 1990 ஆம் ஆண்டின் இடப்பெயர்வுகளிலே பெட்டியோடு பத்திரங்களையும் இழந்த குடும்பங்கள் கிழக்கிற் பல. பிறந்த நாள் யாவருக்கும் தெரிந்திருந்தும் அதனைக் காட்டுதற்குத் தாள் இல்லாமல் அலைந்தவர்களை அப்பகுதியார் நன்கு அறிவர்.

இத்தனைக்கும் நடுவே, எவரும் நின்று நோக்காது நிரப்பிச் செல்லும் கூடு ஒன்றுண்டு. பரீட்சைக்குத் தோற்றும் மொழிமூலம் யாது என வினவும் கூடு அது. பரீட்சைத் திணைக்களம் நடத்தும் ஆட்சேர்ப்புப் பரீட்சைகளின் படிவங்கள் பலவற்றிலே சிங்களத்துக்கு 2, தமிழுக்கு 3, ஆங்கிலத்துக்கு 4 என இலக்கம் இடப்பட்டிருக்கும். சித்தாண்டிப் பிள்ளை 3 என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் செல்கிறது. அந்த ஓர் இலக்கத்தை எழுதும் உரிமை இந்நாட்டிலே எவ்வாறு வந்தது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதலிலே அத்தகைய வினாவே எழவில்லை. 1802 இல் வர்த்தமானி தொடங்கிய காலம் முதல் அரசாங்கத்தின் மொழி ஆங்கிலம். 1830களிற் கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுகள் சுதேசிகளுக்கும் உயர் சேவையின் கதவைத் திறந்தபோது, அக்கதவின் திறவுகோலாக ஆங்கிலக் கல்வியே இருந்தது. திறந்த போட்டிப் பரீட்சையின் வழியாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் என்னும் பெருமையைச் சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1875 இல் அடைந்தார். அவரோ கேம்பிரிட்ஜிற் கற்றவர். மட்டக்களப்பு நகரில் 1814 லேயே வில்லியம் ஓல்ட் பாதிரியார் மெதடிஸ்தப் பாடசாலையைத் தொடங்கியிருந்தார். ஆங்கிலம் நகரத்தில் இருந்தது. கிராமத்திலோ தமிழ்ப் பாடசாலை. ஆகவே கிராமத்தவன் கச்சேரிக்குச் செல்வதாயின், உத்தியோகத்துக்காகச் செல்லான்; பெத்திசம் எழுதுபவருக்குக் காசு கொடுத்துத் தன் குறையைப் பிறர் மொழியில் எழுதுவிக்கவே செல்வான். தமிழனுக்கு நேர்ந்த இந்நிலையே சிங்களக் கிராமத்தவனுக்கும் நேர்ந்தது என்பதை நடுநிலையாளர் மறத்தல் ஆகாது.

1944 மே மாதத்தில் அரசாங்க சபையிலே ஜே. ஆர். ஜயவர்த்தனா கொணர்ந்த பிரேரணை சிங்களத்தை அரசகரும மொழியாக்கக் கோரியது. பாடசாலைப் போதனாமொழியும் பொதுப் பரீட்சைகளும் அப்பிரேரணையில் அடங்கின. தமிழும் உடன் சேர்க்கப்பட வேண்டும் எனத் திருத்தம் மொழிந்தவர் திருகோணமலை–மட்டக்களப்புத் தொகுதியின் உறுப்பினர் வி. நல்லையா. பின்னாளிற் கல்குடாத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவரும் அவரே. திருத்திய பிரேரணை 27 வாக்குகளால் நிறைவேறியது; எதிர்த்தவர் இருவரே. அடுத்த ஆண்டு இலவசக் கல்வித் திட்டமும் வந்தது. சித்தாண்டிக்கு அயலூராகிய வந்தாறுமூலையில் மத்திய கல்லூரி எழுந்தது. அதன் வளாகத்திலேயே 1981 இற் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986 இற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று.

ஆனால் 1944 இன் உடன்பாடு பன்னிரண்டு ஆண்டுகளே நிலைத்தது. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் சிங்களம் ஒன்றையே அரசகரும மொழியாக்கிற்று. 1958 இன் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம், அரசாங்க சேவைப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம் என்றது. எழுதிச் சேர்ந்தபின் குறித்த காலத்துள் அரசகரும மொழியறிவு பெற வேண்டும் என்றும் அதே மூச்சில் விதித்தது. வாயிலிலே தமிழ், உட்புகுந்தபின் வேறு.

இந்த விதியின் கூர்மையை உணர்த்தியது கோடீஸ்வரன் வழக்கு. செல்லையா கோடீஸ்வரன் 1956 இற்கு முன்னரே அரசாங்க எழுதுவினைஞர் சேவையிற் சேர்ந்தவர். கேகாலைக் கச்சேரியிற் கடமையாற்றியவர். 1961 டிசெம்பர் 4 ஆந் திகதிய 560 ஆம் இலக்கத் திறைசேரிச் சுற்றறிக்கைக்கு இணங்கச் சிங்களப் பரீட்சைக்குத் தோற்ற அவர் மறுத்தார். 1962 ஏப்பிரலில் அவருக்கு வரவேண்டிய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் வழக்காடினார். 1964 இற் கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிறெற்சர், அரசகரும மொழிச் சட்டமே அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவுக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தார். 1967 இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியன் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்கிடவே இயலாது எனக் கூறி அத்தீர்ப்பை மாற்றியது. 1969 டிசெம்பரில் இலண்டன் பிரிவிக் கவுன்சில், வழக்கிடலாம் எனக் கூறி, சட்டம் செல்லுமா என்னும் மூல வினாவை ஆராயுமாறு வழக்கைத் திருப்பி அனுப்பிற்று. அவ்வாராய்வு நடைபெறவில்லை. 1972 இற் புதிய அரசியலமைப்பு வந்தது. 29 ஆம் பிரிவு மறைந்தது. ஓர் எழுதுவினைஞர் கேட்ட கேள்வி விடையின்றியே நின்றுவிட்டது. தோல்வியுமன்று, வெற்றியுமன்று, நீதிமன்றப் பதிவேடுகளில் இதனினும் வருந்தத்தக்க முடிவு அரிது.

நிற்க. தமிழும் ஓர் அரசகரும மொழியாதல் 1987 நவம்பரிற் பதின்மூன்றாம் திருத்தத்தால் வந்தது. மறுவருடத்துப் பதினாறாம் திருத்தம், அரச சேவைக்கான பரீட்சையைச் சிங்களத்திலோ தமிழிலோ எழுதும் உரிமையை அரசியலமைப்பில் உறுதிப்படுத்தியது. சேர்ந்தபின் மற்றைய மொழியைக் கற்குமாறு கேட்கலாம் என்னும் நிபந்தனை அங்கும் உண்டு. ஆயின் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரசாங்க நிருவாகச் சுற்றறிக்கையால் அந்நிபந்தனை இருபாலார்க்கும் பொதுவாயிற்று. 2007 யூலை முதல் சேவையிற் சேர்ந்த சிங்கள உத்தியோகத்தரும் ஐந்தாண்டுக்குள் தமிழ்த் தேர்ச்சி பெறுமாறு பணிக்கப்பட்டனர். கோடீஸ்வரனிடம் கேட்கப்பட்டது மற்றவரிடமும் கேட்கப்படுவதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. பணிக்கப்பட்டோர் எல்லாரும் அம்மொழியிற் பேசவல்லராயினர் எனக் கூறுதல் மிகையாகும். அலுவலகங்களின் வாயிலிற் காத்திருந்தோர் அதனை அறிவர்.

வர்த்தமானி அறிவித்தல்களின் இறுதியிலே இன்னுமொரு வரி அச்சிடப்பட்டு வந்துள்ளது. மும்மொழி வாசகங்களுக்கிடையே ஒவ்வாமை காணப்படுமாயின் சிங்கள வாசகமே மேலோங்கும் என்பதே அது. வயதெல்லையிலோ தகைமையிலோ தமிழ்ப் பெயர்ப்பில் ஒரு சொல் தவறுமாயின், அதன் பயனை நுகர வேண்டியவர் தமிழில் வாசித்தவரே. சித்தாண்டியில் அறிவித்தலை ஈறுவரை படிக்கும் விண்ணப்பதாரி அவ்வரியையும் படிக்கிறார். பின்னர் படிவத்தை எடுத்து, உரிய கூட்டிலே 3 என்று எழுதுகிறார்.